கப்பல் நின்ற நாளும் அக்காவின் கையும்

அக்கா அடித்து நான் பார்த்த முதல் ஆள் ஒரு வோஷிங் மெசின். ஹோட்டலில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று காலை, நிலக்கீழ் அறையில், ஒரு மாடியின் படுக்கை விரிப்புகள் முழுவதையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு அது செத்துப்போய் நின்றது. மனேஜர் திருத்துகிற ஆளைக் கூப்பிட ரெலிபோனை எடுத்தார். அக்கா அவரை டேனிஷில் மரியாதையாகத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, மெசினின் விலாவில் உள்ளங்கையால் ஒன்று வைத்தார். சுவர் அதிர்ந்தது. மேலே இருந்த சோப்புத்தூள் பெட்டி விழுந்து வெடித்தது. மெசின் சுற்றத் தொடங்கியது. தூள் மூடிப் பனிமனிதன் மாதிரி நின்ற மனேஜரிடம் அக்கா சொன்னார்: "அடிச்சது நான். நாளைக்குப் பழுதானா என்னைக் கேளுங்க."

எனக்கு அவரைவிட நாலு வயது கூட. அந்தச் சத்தம் கேட்ட நிமிஷத்திலிருந்து அவர் எனக்கு அக்கா. அவரும் தயங்காமல் என்னைத் தம்பி என்றார். என் பிறந்த வருஷத்தை அவர் ஒருநாளும் விசாரிக்கவில்லை, நானும் சொல்லி உயிரை ஆபத்தில் போடவில்லை.

டென்மார்க்கில் மலை கிடையாது. மலை என்று டேனிஷ்காரர் பெருமையாகக் காட்டுகிற இடத்தில் நீங்கள் பேச்சை நிறுத்தாமலே ஏறி இறங்கிவிடலாம். ஆனால் எங்கள் ஹோட்டலில் பனிச்சறுக்குக்காரருக்கென்று ஒரு ஸ்கீ அறை இருந்தது. சுவரில் பனிமலை ஓவியம், பலகைகளைச் சாத்தி வைக்கக் கொழுக்கிகள், ஈரச் சப்பாத்தைக் காயவைக்கச் சூட்டுக் குழாய், பக்கத்தில் உட்கார்ந்து வியர்க்கிற ஒரு சவுனா. எல்லாம் மனேஜரின் மூளை. ஓல்போர்க் நகரத்தில் இருந்து ஒரு மணித்தியாலம் வடக்கே, நோர்வேக்குக் கப்பல் போகிற துறைமுகம் அது. பெப்ரவரியில் அங்கே கடற்காகமும் காற்றும்தான் குடியிருக்கும். நோர்வேயில் பெரிய பனிச்சறுக்குப் போட்டி நடக்கிற வருஷம் மட்டும், தெற்கிலிருந்து கார்களும் பஸ்களும் கூரையில் பலகைகளைக் கட்டிக்கொண்டு வந்து குவியும். போகும்போது ஓர் இரவு, திரும்பும்போது ஓர் இரவு. "பனி அவர்களுடையது, கட்டில் எங்களுடையது," என்பார் மனேஜர். அந்த இரண்டு வாரத்துக்காக ஊர்க்காரர் தங்கள் நிலக்கீழ் அறையையும் படகுக் கொட்டிலையும் வாடகைக்கு விடுவார்கள். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடந்த பேக்கரி திறக்கும். ஹோட்டல் ஓல்போர்க்கில் இருந்து எங்களைப் போன்ற ஆட்களை அள்ளும். போட்டி முடிந்த மறுநாள் எல்லாவற்றையும் மூடிவிட்டு எங்களை வீட்டுக்கு அனுப்பும். அக்கா மட்டும் நிரந்தர வேலை. அறைகளைத் துப்புரவாக்குகிற பெண்கள் எல்லோருக்கும் தலைவி. நான் காலைச் சாப்பாட்டு மேசைக்குக் கோப்பி ஊற்றுகிறவன், பிறகு அழுக்குத் துணி தள்ளுகிறவன்.

விளையாட்டு விசிறிகள் நல்ல சனம், பனியில் நிற்கிறவரைக்கும். ஹோட்டலில் இருக்கும்போது அவர்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை, ஆகவே எல்லாம் செய்வார்கள். அதில் ஒன்று, ஸ்கீப் பலகைக்கு அடியில் மெழுகு தேய்ப்பது. அதற்கென்று தனி அயன் உண்டு. அதை வீட்டில் மறந்துவிட்டு வருகிறவர்கள், அறையில் சட்டைக்கு வைத்திருக்கிற அயனை எடுத்துக் கட்டிலில் பலகையை வைத்துத் தேய்ப்பார்கள். மெழுகு மெத்தைக்குள் இறங்கும், அடுத்த நாள் அதே அயன் இன்னொருவரின் வெள்ளைச் சட்டையில் ஏறும்.

இரண்டாம் மாடியில் ஒருவரை அக்கா கையும் அயனுமாகப் பிடித்தார். முதல்தரம் பல் தெரியச் சொன்னார், செய்யாதீர்கள் என்று. இரண்டாம்தரம் பல் தெரியாமல் சொன்னார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டு மூன்றாவது பலகையை எடுத்தார். ஈரத் துவாயைக் கயிறு மாதிரி முறுக்கி அக்கா வீசியது எனக்குத் தெரியும், மணிக்கட்டில் பட்ட சத்தமும் தெரியும், அயன் எங்கே பறந்தது என்று தெரியாது. ஏனென்றால் நான் அப்போது தள்ளுவண்டிக்குள், விரிப்புகளுக்குக் கீழே இருந்தேன். எனக்குப் பயம் வந்தால் கால் முதலில் முடிவெடுக்கும், தலைக்குப் பிறகுதான் அறிவிக்கும்.

"தம்பி, வெளியால வாங்க. முடிஞ்சிது."

"அவர் உயிரோட இருக்கிறாரோ அக்கா?"

"இரிக்காரு. மனேஜருக்கிட்ட நானே போய்ச் சொல்லிட்டு வாறன். நீங்க அந்த மெத்தையப் பிரட்டுங்க."

போய்ச் சொன்னார். அதுதான் அவர். அடிப்பதைவிட எனக்கு அதுதான் அதிகப் பயம் தந்தது. சமையற்காரன் கோபத்தில் அவர்மேல் கோப்பை எறிந்தபோது இரண்டு கோப்பைகளைத் திருப்பி எறிந்து அவன் காதைக் கிழித்தார். காதுக்குப் பஞ்சு வைத்துக் கட்டியவரும் அவரே, மனேஜரின் கதவைத் தட்டி, "ரெண்டு கோப்பை, ரெண்டும் நான்," என்றவரும் அவரே. நான் அப்படிப்பட்ட நேரத்தில் மூன்று கோப்பையும் பூனை தட்டியது என்பேன். அந்த ஹோட்டலில் பூனை இல்லை.

அக்கா மட்டக்களப்பில் இருந்து கலியாணம் செய்து வந்தவர். மனுசன் இரண்டாம் வருஷமே வேறு வீடு பார்த்துப் போய்விட்டார். யார் யாரை அடித்தார்கள் என்று நான் கேட்கவில்லை. தற்காலிக விசாவில் வருஷங்களை ஓட்டி, டேனிஷ் பரீட்சை பாஸ் பண்ணி, வேலை நாட்களைச் சேர்த்து, நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். இன்னும் சில மாதம். அந்தக் கடதாசிகளை ஒரு கோப்பில் போட்டு, வீட்டில் வைக்கப் பயந்து ஹோட்டல் லொக்கருக்குள் பூட்டி வைத்திருந்தார். ஒருநாள் எனக்குத் திறந்து காட்டினார். பாசம் கூடினால் அவருக்கு நான் 'மனே', அதாவது மகனே.

"இது வந்திட்டா மனே, ஒருத்தனும் என்னைப் பாத்துப் போ எண்டு சொல்லேலா."

"பொலிஸ் கேஸ் ஒண்டும் இருக்கக் கூடாதாமே அக்கா?"

"இல்லையே."

"இல்லைத்தான். ஆனா உங்கட கை..."

கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், யாரோ கடன் தந்த கை மாதிரி. "இத நான் பாத்துக்கொள்றன்," என்றார்.

அந்தப் போட்டி வருஷம் புயல் வந்தது. காற்று ஹோட்டல் பெயர்ப்பலகையைக் கழற்றி ஒரு காரின் கண்ணாடிக்குள் செருகியது. கப்பல் நின்றது. முதல் நாள் விசிறிகள் பாட்டுப் பாடினார்கள். இரண்டாம் நாள் குடித்தார்கள். இதற்கிடையில் பின்னால் வந்த பஸ்களும் சேர்ந்து, ஓர் அறையில் ஐந்து பேர், ஸ்கீ அறையில் பன்னிரண்டு பேர், சவுனாவில் ஒரு குடும்பம். மனேஜர் சூட்டை நிறுத்திவிட்டுச் சவுனாவையும் அறையென்று விற்றிருந்தார்.

மூன்றாம் நாள் காலையில்தான் கொடுமை. வரவேற்பறைத் தொலைக்காட்சியில் போட்டி நேரடியாக ஓடத் தொடங்கியது. இங்கே காற்று யன்னலைப் பிய்க்கிறது, அங்கே நோர்வேயில் நீல வானம், வெயில், வெள்ளைப் பனி, கைதட்டுகிற சனம். ஒரு வருஷமாக விடுமுறை சேர்த்து, நுழைவுச்சீட்டைச் சட்டைப்பையில் வைத்திருந்தவர்கள் அதைக் கோப்பியோடு பார்த்தார்கள். யாரோ ஒருவர் பக்கத்து நாட்டு வீரனுக்குக் கைதட்டினார். அடுத்த மேசைக்காரர் அவர் முகத்தில் கோப்பையால் அடித்தார். அவ்வளவுதான். கதிரை பறந்து தொலைக்காட்சிக்குள் போனது. ஸ்கீத் தடிகள் வாள் மாதிரி எழுந்தன. ஒரு பெண்மணி இன்னொரு பெண்மணியின் தலையைப் பிடித்துப் பாணும் பழரசமும் வைத்திருந்த மேசையோடு மோதினார். வெண்ணெயில் இரத்தம் சொட்டியதை நான் மேசைக்குக் கீழிருந்து பார்த்தேன். அங்கே இடம் வசதியாக இருந்தது.

அக்கா வந்து இரண்டு பேரைச் சட்டைக் கழுத்தில் பிடித்துப் பிரித்து, மூன்றாமவரின் தடியைப் பிடுங்கித் தொடையில் வைத்து முறித்தார். முறிந்த சத்தத்தில் கூட்டம் கொஞ்சம் அடங்கியது.

அப்போதுதான் நான் என் வேலையைக் காட்டினேன். மேசைக்கு அடியிலிருந்து எழும்பி, வீரனைப் போல் கோப்பிக் கேத்தலைத் தூக்கினேன். சிவப்பு ஜக்கெட் போட்ட ஓர் ஆள், கதவளவு ஆள், தன் வயதான தகப்பனைத் தோளோடு அணைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "கப்பல் எப்போது போகும்?" எந்த நாட்டுக்காரர் என்று சொல்லமாட்டேன், அந்த நாட்டில் எனக்கு ஒரு மச்சான் இருக்கிறார், அவரும் கைநீட்டுகிற ஆள்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வளர்ந்தது பஸ் வராத ஊரில். அங்கே தரிப்பிடத்தில் நிற்கிறவரிடம் 'வராது' என்று யாரும் சொல்வதில்லை. அது சாப்பாட்டு நேரத்தில் வந்தவரைத் திருப்பி அனுப்புவது மாதிரி. 'இப்ப வரும், இருங்கோ' என்று சொல்வதுதான் மரியாதை. கேட்டவருக்கும் அது பொய் என்று தெரியும், ஆறுதலோடு இருப்பார். எங்கள் ஆட்களுக்குள் இது ஒரு உபசாரம்.

"பதினொரு மணிக்கு," என்றேன்.

டேனிஷ்காரரும் அவர்களுக்குத் தெற்கே உள்ளவர்களும் ஒரு மணியைச் சொன்னால் அதை மணி என்றே நம்புவார்கள் என்பதை, இருபது வருஷம் இங்கே வாழ்ந்தவன், அந்த ஒரு நிமிஷம் மறந்துபோனேன். சொல் மேசைக்கு மேசை தாவி, பத்து நிமிஷத்தில் ஹோட்டல் காலி. பெட்டி, பலகை, பிள்ளைகள், கிழவர்கள் எல்லோரும் புயலுக்குள் துறைமுகத்துக்கு ஓடினார்கள். துறைமுகத்தில் கப்பலும் இல்லை, ஆளும் இல்லை. காற்று சிவப்பு ஜக்கெட்காரரின் தகப்பனைத் தூக்கிக் கல்லில் அடித்தது. இடுப்பு முறிந்தது. அம்புலன்ஸ் வருவதற்கும் மரம் விழுந்து வீதி தடை. கிழவர் மழையில் கிடந்து கத்தியது இருநூறு மீற்றர் தள்ளி ஹோட்டலுக்கும் கேட்டது.

நான் அதற்கிடையில் நிலக்கீழ் அறைக்குப் போய், துணி தோய்க்கிற அறைக் கதவைப் பூட்டி, அதற்கு முன்னால் தள்ளுவண்டியையும் இழுத்து வைத்து, முருகனையும் மாதாவையும் ஒரே மூச்சில் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு மாதாவோடு பழக்கமில்லை. ஆனால் அது கட்சி பார்க்கிற நேரமில்லை.

கதவு இரண்டாம் உதையில் உடைந்தது. சிவப்பு ஜக்கெட் நனைந்து கறுத்திருந்தது. அவர் என் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்து மெசினில் சாத்தி உயர்த்தினார். என் கால் நிலத்தில் இல்லை. பின்தலையை மெசினில் ஒருதரம், இரண்டுதரம் மோதினார். காது கூவியது. கண்ணுக்குள் கறுப்புப் பூச்சிகள். செத்துப்போகிறேன், அதுவும் பிறருடைய உள்ளாடைகளுக்கு மத்தியில், என்று நினைத்தது ஞாபகம்.

பிறகு அக்காவின் குரல். "விடுங்க," என்று டேனிஷில் ஒருதரம். "விடுங்க," என்று இன்னொருதரம்.

முதல் அடி காதுக்குப் பின்னால். என் கழுத்து விடுபட்டது, நான் கீழே விழுந்தேன். அவர் திரும்பி அக்காவின் முகத்தில் குத்தினார், அக்காவின் உதடு பிளந்தது. இரண்டாம் அடி அவர் மூக்கில். மரம் முறிகிற சத்தம். அவர் முழங்காலில் விழுந்து, பிறகு பக்கவாட்டில் சரிந்தார். மூன்றாம் அடி, கீழே கிடந்தவரின் தாடையில். ஒரு பல் வழுக்கிக்கொண்டு வந்து என் சப்பாத்தில் முட்டி நின்றது.

மரத்தை வெட்டி வழி எடுத்துக்கொண்டு பொலிஸ் ஒரு மணித்தியாலத்தில் வந்தது. வந்தவர் நடுத்தர வயது, அமைதியானவர், நனைந்த தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குச் சட்டத்தை விளக்கினார். ஒருவரைக் காப்பாற்ற அடிப்பது ஒன்று. விழுந்தவரை அடிப்பது வேறொன்று. அறையில் இருந்தவர் நீங்கள் மட்டும்தான், ஆகவே யோசித்துச் சொல்லுங்கள், எத்தனை அடி?

"ஒன்று," என்றேன். என் குரல் கிழிந்த பலூன் மாதிரி வந்தது.

"ஒரு அடியில் மூக்கும் தாடையுமா?"

"பெரிய கை."

அவர் அக்காவிடம் திரும்பினார். அக்கா உதட்டில் துவாயை வைத்துக்கொண்டு, "மூணு," என்றார்.

"மூன்றாவது அடி விழும்போது அவர் எங்கே இருந்தார்?"

"நிலத்தில."

"பிறகு ஏன்?"

அக்கா என்னைப் பார்த்துத் தமிழில் மெதுவாகச் சொன்னார்: "கேக்கிறாரு தம்பி. என்ன சொல்ல?"

"அவர் என்ன சொல்கிறார்?" என்றார் பொலிஸ்காரர் என்னிடம்.

"மிகவும் பயந்துபோனாராம்," என்றேன்.

பரீட்சை பாஸ் பண்ணிய டேனிஷில் அக்கா என்னைத் திருத்தினார். "இல்லை. நான் பயப்படவில்லை. பயந்தது இவர். மூன்றாவது அடி நல்லாயிருந்தது, அதனால் அடித்தேன்."

பொலிஸ்காரர் பேனையை நிறுத்தி, இதை எழுதத்தான் வேண்டுமா என்பது போல் அவரைப் பார்த்தார். அக்கா தலையசைத்தார். அவர் எழுதினார்.

தீர்ப்பை இப்போதே சொல்லிவிடுகிறேன், இழுத்தடிக்க எனக்குத் தைரியமில்லை. நிபந்தனையோடு சிறை. உள்ளே போகத் தேவையில்லை, ஆனால் நிரந்தர வதிவிடம் வருஷக்கணக்காகத் தள்ளிப்போனது. அக்கா வரிசையின் கடைசிக்குப் போனார். கிழவருக்கு இடுப்பில் உலோகம் வைத்தார்கள். ஹோட்டலின் பெயர் பத்திரிகையில் வந்ததால் அடுத்த போட்டிக்கு அறைகள் முன்கூட்டியே நிரம்பின. மனேஜர் ஸ்கீ அறைச் சுவருக்குப் புதுப் பெயின்ற் அடித்தார். அக்கா இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. யாரோ நோர்வே என்றார்கள், யாரோ தலைநகருக்குப் பக்கத்தில் அல்பர்ட்ஸ்லுண்ட் என்றார்கள்.

ஆனால் மேலே நான் ஒன்றை விட்டுவிட்டேன். வேண்டுமென்றுதான் விட்டேன். இரண்டாம் அடிக்குப் பிறகு அக்கா கையைத் தொங்கவிட்டிருந்தார். முடிந்துவிட்டது. அவர் என்னைத் தூக்கக் குனிந்தார். அப்போது நான், நிலத்தில் கிடந்தபடி, நெரிந்த தொண்டையால் தமிழில் சொன்னேன்: "இன்னொண்டு அக்கா. இன்னொண்டு குடுங்கோ."

அந்த அடிதடிக்கு நாலு நாள் கழித்து, தீர்ப்பு வருவதற்கு முன்னால், விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று மனேஜர் அக்காவை நிறுத்தினார். நான்தான் என் காரில் ஓல்போர்க்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடதாசிக் கோப்பு அவர் மடியில் இருந்தது. வயல்கள் முழுக்க வெள்ளம், வேலிகள் படுத்துக் கிடந்தன. பாதி வழி வந்ததும் கேட்டேன்.

"அக்கா, நான் கேட்டதை ஏன் பொலிஸுக்குச் சொல்லேல்லை?"

"நீங்க கேக்காட்டியும் அடிச்சிருப்பனோ எண்டு நாலு நாளா யோசிக்கிறன் மனே. தெரியா. எனக்கே தெரியாத ஒண்டுக்கு உங்கள எப்பிடிக் காட்டிக் குடுக்கிற?"

"நான் போய்ச் சொல்லட்டா?"

வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்துத்தான் கேட்டேன். அப்படித்தானே நாங்கள் கேட்பது. ஒருதரம் கேட்டால் மரியாதை, மற்றவர் வேண்டாம் என்றால் இருவருக்கும் நிம்மதி.

"சொல்லுங்க," என்றார்.

"எப்ப?"

"பொலிஸ் ஸ்டேசன் போற வழியிலதானே இரிக்கு."

நிலையத்தின் முன்னால் காரை நிறுத்தினேன். எஞ்சினை நிறுத்த மறந்து இறங்கி, திரும்பி வந்து நிறுத்தி, மறுபடி போய், இழுக்க வேண்டிய கதவைத் தள்ளிக்கொண்டு நின்றேன். உள்ளே இருந்த பெண்மணி எழும்பி வந்து திறந்துவிட்டார். அதே பொலிஸ்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் கணினியில் என் பழைய வாக்குமூலத்தைத் தேடி எடுத்தார்.

"போன முறை ஒரு அடி என்றீர்கள்."

"மூன்று. அக்கா இரண்டோடு நிறுத்தினார். மூன்றாவதை நான் கேட்டு வாங்கினேன்."

விரல்கள் நின்றன. "கேட்டு வாங்கினீர்களா? ஏன்? அந்த ஆளின் தகப்பன் உங்கள் சொல்லைக் கேட்டுத்தானே வெளியே போனார்?"

வாழ்க்கையில் முதல்தரம், சிரித்துத் தப்பக் கைக்கு ஒரு பகிடியும் வரவில்லை. தேடினேன், இல்லை.

"ஓம்," என்றேன் தமிழில். பிறகு டேனிஷில் சொன்னேன்: "அந்த ஆள் கீழே கிடந்து அப்பா, அப்பா என்று அழத் தொடங்கியிருந்தார். அதைக் கேட்டதும் எனக்குப் பயம் விட்டுப்போனது. பயம் திரும்பி வருவதற்கு முன்னால், அவர் இன்னும் கொஞ்சம் அழவேண்டும் போல இருந்தது."